மூன்றாம் கிரீனில் நின்ற தண்ணீர்

பங்குனி பிறந்தால் போதும், எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இப்போது போனும் வருகிறது. "ஐயா, பனி விட்டுப் புல் கிளம்புகிறது. கிரீன் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பந்து தத்தித் தத்திப் போகிறது. என்ன போடலாம்?" எடுத்த எடுப்பில் 'என்ன போடலாம்'. என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பது போலக் கேட்கிறார்கள். ஒன்றும் போடாதீர்கள், முதலில் கிரீனில் முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள் என்று பதில் எழுதினால், "உட்கார்ந்து பார்த்தோம் ஐயா, என்ன போடலாம்?" என்று அடுத்த கடிதம் வருகிறது.

சரி, இந்த வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றை எழுதிவிடுகிறேன். உரம் எவ்வளவு, புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, மணலை எந்தச் சல்லடையில் சலிப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நாளைக்கு மேட்ச் என்னும்போது, கிரீனில் தண்ணீர் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர் நின்றுகொண்டு "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும்போது, மனிதனுக்குப் புத்தி எப்படிப் போகிறது என்பது அதில் இல்லை. எனக்குப் போன விதத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் பார்த்தால் அவர்களுக்காக ஒரு வரி. கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி வழுவழுவென்று வெட்டிவிட்ட புல்தரைக்குத்தான் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை அடிக்க மாட்டார்கள், உருட்டுவார்கள். ஒரு எறும்புப் புற்று இருந்தால்கூடப் பந்து திசை மாறிவிடும். அப்புறம் உருட்டினவர் தன் கையைக் குறை சொல்ல மாட்டார், நம்மைத்தான் சொல்லுவார்.

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் வழியில், மலையைப் பார்த்தபடி ஒன்பது குழி மைதானம் ஒன்று அப்போது இருந்தது. வெள்ளைக்காரர்கள் சீசனுக்கு வந்து தங்கிய காலத்தில் போட்டது. அவர்கள் போன பிறகு மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்காரர்களும், தென்காசி வக்கீல்கள் இரண்டு மூன்று பேரும் விளையாட வருவார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயத்தில் நான் அங்கே மேஸ்திரியாகச் சேர்ந்தேன். நான் கீழப்பாவூரில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். புல் வளர்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நெல்லும் புல்தானே என்று சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதிரிப் பதிலுக்கெல்லாம் வேலை கொடுக்கக் கூடாது.

எனக்கு மேலே கிளப்பின் செக்ரட்டரி. எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசுகிறாரா மலையாளம் பேசுகிறாரா என்று பாதி நேரம் எனக்குத் தெரியாது. நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை கிடையாது. எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். மேலகரத்திலிருந்தும் இலஞ்சியிலிருந்தும் காலையில் நடந்து வருவார்கள். கிரீனில் உட்கார்ந்து கோரையையும் மற்ற களையையும் வேரோடு கொத்தி எடுப்பது அவர்கள் வேலை. அந்த எட்டுப் பேரில் மூத்தவர் மாடத்தியக்கா. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் என்னை மேஸ்திரி என்பார், அதிலேயே கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், மாசி மாதம். வடகிழக்கு மழை அந்த வருடம் பலமாகப் பெய்து, கிரீன்களை மண்புழுவும் எறும்பும் சேர்ந்து ஒரு வழி பண்ணியிருந்தன. மூன்று, நான்கு, ஐந்தாம் கிரீன்கள் படுமோசம். செக்ரட்டரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கும் செய்தியைச் சொன்னார். சித்திரை முதல் வாரத்தில் எஸ்டேட்காரர்களின் கோப்பைப் போட்டி. அதற்குள் அந்த மூன்றும் சரியாகாவிட்டால் ஒன்பது கிரீனிலும் புல்லை எடுத்துவிட்டு மணலைக் கொட்டி, அதன்மேல் பழைய எஞ்சின் எண்ணெயைத் தெளித்து இறுக்கிவிடுவார்களாம். அந்தக் காலத்தில் பல ஊர்களில் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் மணலில் களை முளைக்காது. இழுத்துத் தடவ ஒரே ஓர் ஆள் போதும்.

"அப்போ ஈ பெண்ணுங்க எட்டு பேரும் வேண்டாம். மனசிலாச்சா?" என்றார்.

மனசிலாயிற்று. அந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்கு வீட்டில் சம்பாதிக்கிற ஆண்பிள்ளை கிடையாது. மாடத்தியக்கா அதில் ஒருவர். வயல் வேலை நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும்தான். இது ஒன்றுதான் வருடம் முழுக்க இருந்த வேலை. நான் அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், கூடவே மார்தட்டி ஒன்றும் சொன்னேன். "சமப்படுத்துறதுதானே அக்கா? எங்க குடும்பத்துக்கு அதைவிட வேற என்ன தெரியும்?"

அங்கேதான் பிடித்தது சனி.

கீழப்பாவூரிலிருந்து என் சித்தப்பாவையும் கூட இரண்டு பேரையும் பரம்புப் பலகையோடு வரவழைத்தேன். நடவுக்கு முன்னால் வயலைச் சமமாக்க இழுப்பார்களே, அதே பலகைதான். எங்கள் சித்தப்பா பரம்படித்த வயலில் ஒரு செம்புத் தண்ணீர் விட்டால் நாலு மூலைக்கும் ஒன்றுபோலப் போகும் என்பார்கள். வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, இது என்னலே வயலு? வரப்பக் காணுமே."

"நெல்லு நடலை சித்தப்பா. இதுல பந்து உருட்டுவாங்க."

"பந்து உருட்டவா எங்கள இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த? வெள்ளக்காரன் போயும் அவன் கிறுக்கு போவலியே!"

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து ஓரமாக நிழலில் அடுக்கினோம். கிரீனைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டினோம். உள்ளே தண்ணீரைப் பாய்ச்சி, ஏழெட்டுப் பேர் இறங்கி மிதித்து, மண்ணைக் கூழாக்கினோம். எங்கள் பக்கத்தில் அதற்குத் தொளி என்று பெயர். பிறகு பலகையை இழுத்தோம். "மேடு எங்கன இருக்குன்னு நீ தேடாண்டாம்லே. தண்ணிக்கு மேல அதுவா தலையக் காட்டிரும்," என்றார் சித்தப்பா. அப்படியே காட்டியது. காட்டிய இடத்தைத் தேய்த்தோம். தண்ணீர் வடிந்து மண் இறுகியதும் பத்தைகளைத் திரும்பப் பதித்தோம். மூன்று கிரீனும் முடிய இரண்டு வாரம் ஆயிற்று.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். தோன்றாத பாதிப் பேருக்குச் சொல்லுகிறேன். வயலில் எதற்காக மிதித்துக் கூழாக்குகிறோம்? தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. எதற்காகத் தட்டையாக்குகிறோம்? தண்ணீர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. நெல்லுக்கு இரண்டும் வேண்டும். கிரீனுக்கு இரண்டுமே எமன். கிரீன் லேசாகச் சரிய வேண்டும், அடிமண் தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டு தலைமுறை அனுபவத்தையும் கொட்டி, கண் நிறைந்த பெருமையோடு, நான் மூன்று முதல்தரமான வயல்களைச் செய்து வைத்திருந்தேன். தெரியாதவன் செய்கிற தப்பைப் பார்த்தால் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவன் செய்கிற தப்பு அழகாக வேறு இருந்து தொலைக்கிறது.

பங்குனி கடைசியில் அருகம்புல் வேர்விட்டு, மூன்று கிரீனும் பச்சைக் கம்பளமாக ஆகிவிட்டது. மழை இல்லை, நாங்கள் குடத்தில் அளந்து விட்ட தண்ணீர்தான். பந்து கோடு போட்டாற்போல ஓடியது. செக்ரட்டரி என் தோளில் தட்டினார். "அழகாத்தான் இருக்கு மேஸ்திரி," என்று மாடத்தியக்காவே சொன்னார்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு கோடைமழை பிடித்துக்கொண்டது. குற்றாலத்துச் சாரல் போலப் பூத்தூவுகிற மழை இல்லை. இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாளும் அதே போல. மற்ற ஆறு கிரீனிலும் காலையில் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. இந்த மூன்றிலும் கணுக்கால் நனைகிற அளவு நின்றது. மேற்கே பார்த்தால் மலை முழுதும் அதற்குள்ளே தலைகீழாகத் தெரிந்தது. ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

சாக்கைப் போட்டு ஒற்றினோம். ஈர்க்குமாறால் தள்ளினோம். தள்ளத் தள்ளத் திரும்ப வந்தது. போட்டிக்கு முதல் நாள் வானம் வெளுத்து வெயில் ஏறியது. மேலே இருந்த தண்ணீரை ஒரு வழியாக வாரிவிட்டோம். ஆனால் மிதித்தால் அடியில் சளசளவென்றது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மாடத்தியக்கா மூன்றாம் கிரீனின் பின்மூலையில் உட்கார்ந்து, களைக்கொத்தியை மண்ணில் ஒரு குத்துக் குத்தி உருவினார். அந்த ஓட்டையில் தண்ணீர் களுக்கென்று இறங்கியது. இன்னொரு தடவை குத்தினார். அதுவும் இறங்கியது.

"மேஸ்திரி, இங்கன வாங்க. இது வயலாப் போச்சு. நாலு விரக்கடைக்குக் கீழ சிமிண்டு கணக்கா ஒரு தட்டு நிக்கி. அதக் கடப்பாறையால குத்தி விட்டாத்தான் தண்ணி எறங்கும். குத்தி மணலப் போட்டு மூடணும்."

"நாளைக்கு மேட்ச் அக்கா. கிரீன் முழுக்க ஓட்டை போட்டா பந்து எப்படி உருளும்? மேட்ச் முடியட்டும்."

"மேட்சு முடியும்போது புல்லு இருக்காது. இந்த வெயிலுக்கு உள்ள கிடக்க தண்ணி கொதிக்கும். வேரு வெந்துரும்."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பின்னால் புத்தி வந்தது என்று நான் கதை விடப் போவதில்லை. புத்தி அப்போதே வந்தது. அந்த நேரம் பார்த்து செக்ரட்டரியும் வந்தார்.

"எந்தா மேஸ்திரி, தரை பொதபொதன்னு இருக்கு? ரோலரை எடு. நல்லா இறுக்கு. நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

ஈர மண்ணில் ரோலரை ஓட்டினால் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றும் அடைத்துக்கொள்ளும். அதுவும் தெரியும். "வேண்டாம் சார், குத்திவிட்டால் புல் பிழைக்கும், மேட்சை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பார். கேட்டால் தொளி மிதித்த கதையைச் சொல்ல வேண்டும். சில நாளைக்கு முன்னால்தான் தோளில் தட்டியிருந்தார். நான் ரோலரை எடுத்தேன்.

ஐந்தாம் கிரீனில் ஆரம்பித்து, நான்கை முடித்து, மூன்றுக்கு வரும்போது, பின்மூலையில் மாடத்தியக்கா கடப்பாறையோடு நின்றிருந்தார். நாலு பாய் விரிக்கிற அளவு இடத்தில் வரிசையாகக் குத்தி, ஓட்டைகளில் மணலை நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தினேன். எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டுப் போனார். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் ரோலரை ஓட்டினேன்.

மறுநாள் போட்டி பிரமாதமாக நடந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போல இருந்தது கிரீன். எஸ்டேட்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவருடைய பந்து மட்டும் மூன்றாம் கிரீனின் மூலையில் ஒரு ஓட்டையில் பட்டுத் தத்திவிட்டது. அவர் தோற்றுப் போனார். அவர் தோற்றதற்கு வேறு நூறு காரணம் இருந்தது, ஆனால் அவர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

நாலாம் நாள் மூன்று கிரீனும் மஞ்சளித்தன. ஏழாம் நாள் வைக்கோல் நிறம். பத்தையைத் தூக்கினால் வேர் கையோடு வரவில்லை, ஊறின பழங்கஞ்சி நாற்றம்தான் வந்தது. மூன்றாம் கிரீனின் பின்மூலையில், நாலு பாய் விரிக்கிற இடத்தில் மட்டும், புல் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கமிட்டி கூடியது. கிளப் வராந்தாவில் மோர் குடித்துக்கொண்டே பேசினார்கள். கிரீன் அங்கிருந்து கூப்பிடு தூரம். சித்திரை வெயிலில் இறங்கி நடந்து ஒரு பார்வை பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தத் தோற்றுப் போனவர்தான் பிடித்துக்கொண்டார். "கடப்பாறையால் கிரீனைக் குத்தியிருக்கிறார்கள். வேர் அறுந்தால் புல் சாகாமல் என்ன செய்யும்?" எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வேலைக்காரப் பெண் ஒருத்தி செய்த தப்பு என்றால் எல்லோருக்கும் நிம்மதிதானே.

பெண்கள் வராந்தாவுக்குக் கீழே வேப்பமரத்தடியில் நின்றார்கள். "யார் குத்தினது?" என்று செக்ரட்டரி கேட்டார்.

"நாந்தான்," என்றார் மாடத்தியக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. 'மிச்சத்தை நீங்க சொல்லுங்க' என்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தார்.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "என் பேச்சைக் கேக்காமக் குத்திட்டாங்க சார்."

அது உண்மை. ஒரு எழுத்து பொய் கிடையாது. என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அவ்வளவு கேவலமானது வேறு இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நிற்கும். எல்லாம் சரியாக இருக்கும், பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், அந்த நேரத்தில் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை மூச்சு விடுங்கள்.

மாடத்தியக்காவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மற்ற ஏழு பேரும் ஆவணி வரைக்கும் இருக்கலாம், அதன்பிறகு எண்ணெய் மணல் என்று முடிவாயிற்று. அவர் களைக்கொத்தியை என் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு மேலகரத்துப் பாதையில் போனார். மற்ற ஏழு பேரும் என்னோடு பேசவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன. என்னை மாதிரி ஒருவனிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்ததே அந்த மனுஷிக்கு என்று நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் செக்ரட்டரியைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் கிரீனுக்குப் போனேன். வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தவர், மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டி போட்டார். பச்சையாக இருந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினார், இறங்கியது. ஒரு அடி தள்ளி அழுத்தினார், இறங்கவில்லை.

"ஈ மூலையை யார் செஞ்சது?"

"மாடத்தியக்கா."

"மற்றதெல்லாம்?"

"நான்தான் சார்." தொளி மிதித்ததிலிருந்து ரோலர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. எழுந்து முட்டியில் இருந்த மண்ணைத் தட்டினார். "அப்போ அன்னைக்கு ஏன் பறஞ்சில்லா? ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

கமிட்டியில் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். சொன்னேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் ஏசினார்கள். ஏச்சு வாங்கிய பிறகு மனம் லேசாகும் என்பார்கள், எனக்கு ஆகவில்லை. கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். மாடத்தியக்காவைத் திரும்பக் கூப்பிடலாம். ஆவணிக்குள் மூன்று கிரீனும் புல்லோடு தயாராக வேண்டும். ஆகாவிட்டால் எண்ணெய் மணல்தான், எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்களோடு நானும்.

மேலகரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். சுள்ளி ஒடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"வருதேன். என் வயிறும் எம் புள்ள வயிறும் இருக்குலா, வராம என்ன செய்ய? ஆனா ஒண்ணு. இனிமே நீங்க வாயால சொல்லுத வேலைய நான் செய்ய மாட்டேன். என்ன செய்யணும்னு ஒரு சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. செய்யுதேன்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே அக்கா."

"எனக்கு எதுக்கு வாசிக்க? நாளைக்கு வந்து கேக்குதவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

சும்மா கோபத்தில் சொல்லுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சீட்டு எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பேரில் இலஞ்சிக்காரப் பெண் ஒருத்திக்குத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அவள் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். "'மூன்றாம் கிரீனுக்குத் தேவையான அளவு தண்ணீர் விடவும்.'" மாடத்தியக்கா சீட்டை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தேவையான அளவுன்னா எத்தன கொடம்? நாளைக்குப் புல்லு செத்தா, தேவைக்கு மேல விட்டுட்டான்னு சொல்லுவிய. கொடத்த எழுதுங்க." எழுதினேன்.

அந்த வைகாசி முழுக்க எனக்கு உயிர் போயிற்று. எந்த வேலையைச் சொன்னாலும் சீட்டு. எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை விரல் இடைவெளி, மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. எழுதும்போதுதான் தெரிந்தது, நான் சொல்லிக்கொண்டிருந்த வேலைகளில் பாதிக்கு எனக்கே தெளிவு கிடையாது என்று. தெரியாததை எழுத முடியவில்லை. அதனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டியதாயிற்று. நீங்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக் கடிதம் எழுதுகிறீர்களே, அந்தப் பெரிய ஆளைப் பிடித்து முட்டி போட வைத்தது அந்தச் சீட்டுத் தொல்லைதான். அப்போது எனக்கு நன்றி ஒன்றும் தோன்றவில்லை. எரிச்சல்தான்.

மூன்று கிரீனின் தட்டையும் குத்தி உடைத்தோம். ஆற்று மணலைச் சலித்து இறக்கினோம். நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தினோம். அந்தப் பின்மூலைப் புல்லைத்தான் பிடுங்கி, கணு கணுவாக நட்டோம். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தது, பெய்த தண்ணீரெல்லாம் இறங்கியது, ஓடியது. ஆவணியில் கமிட்டிக்காரர்கள் இந்தத் தடவை வராந்தாவை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். எண்ணெய் மணல் பேச்சு அதோடு நின்றது. எட்டுப் பேருக்கும் வேலை நிலைத்தது.

சீட்டு நிற்கவில்லை. ஒரு வருடம் போயிற்று, இரண்டு போயிற்று. அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஷாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துப் பேசுவோம், சண்டை போடுவோம். காலை ஏழு மணிக்குக் கை நீளும். வாங்கிய சீட்டுகளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பொறுக்காமல், "இன்னும் என்னை நம்பலையா அக்கா?" என்று கேட்டே விட்டேன். "நம்பாம என்ன மேஸ்திரி? நல்ல மனுசன்தான் நீங்க. அன்னைக்கும் நல்ல மனுசனாத்தான் இருந்திய," என்றார்.

சீட்டு தொடங்கி நாலாவது வருடம், சித்திரை. மறுபடி கோப்பைப் போட்டி, மறுபடி முதல் நாள் மழை மேகம். இந்தத் தடவை ஏழாம் கிரீன். முந்தின வாரம் பெய்த மழையிலேயே அடிமண் இறுகி, தண்ணீர் இறங்காமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. செக்ரட்டரி ஊரில் இல்லை. கமிட்டியின் புதுத் தலைவர், இரும்புக் குரல்காரர், குடையோடு வந்து நின்று, "ரோலரைக் கொண்டு வா, இறுக்கிவிடு, நாளைக்கு என் மருமகன் ஆடுகிறான்" என்றார். பெண்கள் எட்டுப் பேரும் கிரீனைச் சுற்றி நின்றார்கள். மலைமேல் மழை இறங்கி வருவது தெரிந்தது.

"ரோலர் வேண்டாம் சார்," என்றேன். "குத்தப் போறோம். நாளைக்குப் பந்து தத்தும். ஆனா புல் இருக்கும். இது என் முடிவு. எது ஆனாலும் என்னைக் கேளுங்க, இவங்களைக் கேக்காதீங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. யாரைக் கேட்டு முடிவு செய்கிறாய் என்று ஆரம்பித்து, வேலையை விட்டுத் தூக்குகிறேன் பார் என்பது வரைக்கும் போனார். பெண்கள் பக்கம் திரும்பி, "குத்துங்க அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் சீட்டு ஞாபகம் வந்தது. அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்து, தொடையில் வைத்து எழுதத் தொடங்கினேன். 'ஏழாம் கிரீன் முழுதும்' என்று எழுதுவதற்குள் பெரிய துளியாக இரண்டு விழுந்து எழுத்து கரைந்தது. தாளைத் திருப்பினேன்.

இரும்பு மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், மாடத்தியக்கா இரண்டாவது ஓட்டைக்குக் கடப்பாறையை ஓங்கிக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் அவருக்குப் பின்னால் வரிசை பிடித்துவிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மழை வந்துட்டு மேஸ்திரி. என்னத்த எழுதிக்கிட்டு நிக்கிய? பென்சில வச்சிட்டுக் கடப்பாறைய எடுங்க."